முதல் முடிக்குக் கிடைத்த பெட்டை

ஜனவரி 9

விடிந்ததும் பவுஸ்தீனோ சுரங்க வேலைக்கு இறங்கிப் போனார். இனி மார்ச்சில்தான் வருவார். அங்கே போன் எடுக்காது. வந்ததும் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அது எங்கே, இது எப்போ ஈன்றது, அந்தக் கிடாவுக்கு என்னாச்சு" என்று வரிசையாகக் கேட்பார். எனக்குப் பாதி மறந்திருக்கும். அதனால் இந்த வருடம் எழுதி வைக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் படியுங்கள், பவுஸ்தீனோ.

மழைக்காலமும் ஈற்றுக்காலமும் ஒன்றாக வருவது எங்கள் தலையெழுத்து. ஆடோ மாடோ ஈன்றால் தாயே நக்கி நக்கிக் குட்டியைக் காயவைத்துவிடும். கம்பளிக்கு நாம் வளர்க்கும் அல்பாக்கா ஒட்டகச் சாதி, நக்காது. பக்கத்தில் நின்று முனகும், அவ்வளவுதான். குட்டியைத் துவட்டுவது வெயிலின் வேலை. வெயில் இல்லாத நாளில் என் வேலை.

இன்று ஒரு வெள்ளை ஈன்றது. பெட்டைக் குட்டி. தொப்புளில் அயோடின் வைத்தேன். சரிவில் நரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கவணில் கல் வைத்து விட்டேன், எழுந்து போனது.

உங்கள் தம்பி வில்பெர் பட்டியின் இடிந்த சுவரை அடைத்து முடித்தான். பதினோரு வருடம் குஸ்கோ நகரத்தில் லாரி ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் வந்தான் என்றாலும், கல் அடுக்கக் கை மறக்கவில்லை.

ஜனவரி 12

சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது வில்பெர் கேட்டான்.

"அண்ணி, எனக்கு முதல் முடி எடுத்தப்ப அம்மா ஒரு பெட்டை குடுத்தாங்களே, காப்பி நிறத்துல. அது இருக்கா?"

"அது செத்து ரொம்ப வருஷமாச்சு."

"அது போட்ட குட்டிங்க?"

நான் பதில் சொல்லவில்லை. முடி எடுக்கும் சடங்கில் ஒரு குழந்தைக்குக் கொடுத்த பெட்டை அந்தக் குழந்தையுடையது. அது போடும் குட்டியும், குட்டியின் குட்டியும் அவனுடையவை. இந்த மலையில் இது தெரியாதவர் இல்லை. ஆனால் மாமனார் இறந்து மந்தையைப் பிரித்தபோது வில்பெர் உயிரோடு இருக்கிறானா என்றே யாருக்கும் தெரியாது. எல்லாம் நம் பட்டியில் சேர்ந்துவிட்டன.

"அண்ணன்கிட்ட கேட்டேன். 'பதினோரு வருஷம் யார்றா மேய்ச்சது?'ன்னாரு."

"அவர் சொன்னதுலயும் தப்பில்லையே."

"தப்பில்ல," என்று சொல்லிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஜனவரி 13

மேய்ச்சலில் வில்பெர் மறுபடி கேட்டான், எதெது அந்த வம்சம் என்று. காட்டினேன். காப்பி நிறத்தில் எல்லாமே அதன் வழி, ஒன்றைத் தவிர. அது நாம் சந்தையில் வாங்கியது. காட்டுவதில் என்ன இருக்கிறது. பார்க்க ஆசைப்பட்டான், பார்த்தான்.

ஜனவரி 20

வில்பெர் உப்பு வாங்கக் கீழே கிராமத்துக்குப் போனான். சாயங்காலம் உப்பு இல்லாமல் வந்தான். கடை பூட்டியிருந்ததாம். குஸ்கோவில் கூட வேலை செய்த இரண்டு பேரை வழியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தானாம். அவர்களுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்டேன். "சும்மா வந்தாங்க" என்றான்.

வெள்ளைக் குட்டி நன்றாகப் பால் குடிக்கிறது.

ஜனவரி 22

திருட்டு.

காலையிலிருந்தே மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. மந்தை சதுப்பில் மேய்ந்துகொண்டிருந்தது. முனகல் சத்தத்தை வைத்துத்தான் எது எங்கே என்று தெரிந்தது. மேல் பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக வில்பெர் சொன்னான். பனி விலகியபோது மந்தை சின்னதாகத் தெரிந்தது. முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். கவணைச் சுழற்றிக்கொண்டே சதுப்பைச் சுற்றி ஓடினேன், கூப்பிட்டேன், கத்தினேன்.

வில்பெர் மதியத்துக்கு மேல் மூச்சிரைக்க வந்தான். "தேடிப் பாத்துட்டேன் அண்ணி. தடமே இல்ல."

மழை பெய்திருக்கிறது, தடம் எப்படி இருக்கும்.

ஓரமாக மேய்ந்தவற்றைத்தான் ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஓரத்தில் காப்பி நிறத்தவை நின்றன. அதனால் அவை போயின. எல்லாம் இன்றோ நாளையோ ஈனவேண்டிய பெட்டைகள்.

காப்பி நிறத்தில் ஒன்று மட்டும் நிற்கிறது. சந்தையில் வாங்கியது.

ஜனவரி 23

வில்பெரின் டயர் செருப்பு வாசலில் கிடந்தது. கழுவி வெயிலில் வைத்தேன். என் செருப்பையும் கழுவினேன். செம்மண் காய்ந்தால் கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது.

பிறகு ஊர்க்காவல் குழுவின் தலைவி பெனிக்னா நான்கு பேரோடு வந்தாள். சாட்டையைத் தோளில் மாலை மாதிரி போட்டிருந்தாள். திருட்டு என்றால் போலீஸ் வந்து சேர்வதற்குள் மாடு இறைச்சியாகிவிடும். அதனால் இங்கே காவலும் விசாரணையும் தண்டனையும் குழுதான்.

"எந்தப் பக்கம் போயிருப்பாங்கன்னு தோணுது உனக்கு?" என்று கேட்டாள்.

"கீழே, சாலைப் பக்கம்தான். லாரி அங்கதானே வரும்."

"சாலை மண் சரிஞ்சு கிடக்கே."

"அப்ப சரிவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருப்பாங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லோரும் சாலைப் பக்கம் இறங்கினார்கள். வில்பெரும் அவர்களோடு போனான். பவுஸ்தீனோ, எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

ஜனவரி 24

வில்பெர் காலையிலேயே தேடப் போகிறேன் என்று கிளம்பினான். நான் போகாதே என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. போய்விட்டான்.

மத்தியானம் மறுபடி மூடுபனி. பக்கத்துச் சரிவில் கசிமீரோவின் மந்தையில் பாதியை ஓட்டிப் போய்விட்டார்கள். அவர் மனைவி இறந்ததிலிருந்து தனியாளாக மேய்ப்பவர். தடுக்கப் போன மனிதரைக் கல்லால் அடித்திருக்கிறார்கள். வலது கை முறிந்துவிட்டது. மூன்று பேராம், முகமூடித் தொப்பி போட்டிருந்தார்களாம். இந்தக் குளிரில் எல்லோரும்தான் முகமூடித் தொப்பி போடுகிறோம்.

வில்பெர் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தான். மேலே நான் நெய்து கொடுத்த கம்பளிப் போன்சோ இல்லை.

"எங்கே போன்சோ?"

"ஆத்துல விட்டுட்டேன்."

ஆற்றில் எப்படி விடுவாய், தலை வழியாகப் போடுவது ஆற்றில் எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. சூடாக சூப் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜனவரி 25

கசிமீரோவைப் பார்க்கப் போனேன். கையைப் பலகை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கை நான் தோலுரித்துக் கொடுக்க இடது கையால் சாப்பிட்டார்.

"அடிச்சவன் ஓடிட்டான். இன்னொருத்தன் ஓடல, எர்மெலிந்தா. என்னைத் தூக்கிப் பாறைக்கு அடியில மழை படாம உட்கார வச்சான். அவன் போட்டிருந்ததைக் கழட்டி என்மேல போத்திட்டுப் போனான்."

கட்டிலுக்கு அடியிலிருந்து காலால் இழுத்து வெளியே தள்ளினார். சிவப்புக் கோடு போட்ட போன்சோ. ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பறவைகள்.

"இது யார் நெய்ததுன்னு தெரியுதா உனக்கு?"

இந்தப் பள்ளத்தாக்கில் யார் கை எந்தப் பூ போடும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"தெரியல," என்றேன்.

"அப்படியா. எனக்கும் கண்ணு சரியில்ல." ஒரு உருளைக்கிழங்கு முழுவதையும் மென்று முடித்தார். பிறகு, "எடுத்துட்டுப் போயிடு. இங்க இருந்தா பெனிக்னா பாப்பா," என்றார்.

அடுப்பில் போட்டுவிட்டேன். கம்பளி எரியும் நாற்றம் குடிசையை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 26

ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட முற்றத்தில் எல்லோரும் நின்றோம். பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஹிலாரியோ என்ற ஆளைச் சாலையில் பிடித்து வந்திருந்தார்கள். அவன் மூட்டையில் காப்பி நிறக் கம்பளி கொஞ்சம் இருந்தது. வாளிக்குப் பதிலாகக் கம்பளி வாங்குபவன், மூட்டையில் கம்பளி இல்லாமல் என்ன இருக்கும்? யாரும் அதை யோசிக்கும் மனநிலையில் இல்லை.

"நான் வியாபாரிங்க. என்னை விட்டுடுங்க, என் பொண்டாட்டி தேடுவா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நனைந்த சட்டையோடு இருமினான்.

பெனிக்னா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கோக்கா இலை கொடுத்து, மலைச்சாமி மேல் சத்தியம் வாங்கினாள். யாரைப் பார்த்தீர்கள், யார் மேல் சந்தேகம். என் முறை வந்தது. இலை உள்ளங்கையில் ஈரமாகிவிட்டது.

"யாரையும் பாக்கல. யார் மேலயும் சந்தேகம் இல்ல."

வில்பெர் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதையே சொன்னான்.

வாளிக்காரனைப் பள்ளியின் சாமான் அறையில் பூட்டினார்கள். நாளை மறுநாள் காலைக்குள் கூட்டாளிகள் பெயரைச் சொல்லாவிட்டால் ஏரியில் இறக்குவதாக முடிவு. எங்களுக்குக் குளிர்காலம் ஜூனில்தான், ஆனாலும் அந்த ஏரியின் ஓரத்தில் ஜனவரியிலும் பனிக்கட்டி மிதக்கும்.

பவுஸ்தீனோ, நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தம்பி அவன்.

ஜனவரி 27

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

விடிந்தபோது வில்பெர் குடிசையில் இல்லை. மத்தியானம் ஆலங்கட்டி மழை ஆரம்பித்து, பிறகு ஈரப் பனியாக மாறியது. பட்டியில் இரண்டு குட்டிகளைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் வில்பெர். முழங்கால் வரை சிவப்புச் சேறு.

"அண்ணி, துணி எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. குட்டி போடுதுங்க. எல்லாம் ஒண்ணா போடுதுங்க. என்னால முடியல."

"எங்கே?"

"செம்மண் ஓடையில."

"யாரோடது?"

"என்னோடது," என்றான். பிறகு, "கசிமீரோவோடதும் இருக்கு. லாரி வரவே இல்ல. அவனுங்க ரெண்டு பேரும் நேத்தே ஓடிட்டானுங்க."

நான் ஆச்சரியப்படவில்லை. அவனும் நான் ஆச்சரியப்படுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. படுக்கைக் கம்பளிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஓடை இந்தச் சரிவுக்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கத்தில் செம்மண் அங்கே மட்டும்தான்; புல் கிடையாது, அதனால் யாரும் போவதில்லை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே முள்ளை வைத்து அடைத்து உள்ளே விட்டிருந்தான். பட்டினி கிடந்து விலா தெரிந்தது. சேற்றில் குட்டிகள் கிடந்தன. சில ஏற்கெனவே விறைத்திருந்தன. தாய்கள் பக்கத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான், இருந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

உயிர் இருந்ததை எடுத்து வாயைத் துடைத்து, கம்பளியால் தேய்த்தோம். கம்பளி நனைந்ததும் என் பாவாடை அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்தேன். வில்பெர் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு குட்டியை வயிற்றோடு அணைத்து ஸ்வெட்டரை மேலே இழுத்துக்கொண்டான். ஒரு பெட்டைக்குக் குட்டியின் கால் மடங்கிச் சிக்கியிருந்தது. அவன் கழுத்தைப் பிடிக்க, நான் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தேன். மூச்சு வந்தது. அவன் அழுதான்.

"எனக்குச் சேர வேண்டியதை எடுத்தேன் அண்ணி. அதுக்கு மேல வேணாம்னுதான் சொன்னேன். லாரிக்கு இது பத்தாதுன்னு அவனுங்கதான் கசிமீரோ மந்தைக்குப் போனானுங்க. கல்லெடுப்பானுங்கன்னு எனக்குத் தெரியாது."

"நீயும்தானே போன."

"போனேன்."

"ஏன்டா கேக்கல? என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. அன்னைக்குச் சாயங்காலம் கேட்டேனே. நீங்க பதில் சொல்லலையே."

செத்த குட்டிகளை ஒரு பாறையின் மேல் வரிசையாக வைத்தேன். நாலு நாள் முன்னால் பெனிக்னாவிடம் சாலைப் பக்கம் கை காட்டியது நான். ஓடைப் பக்கம் காட்டியிருந்தால் இவை வீட்டுக்கு வந்து பட்டியில் பிறந்திருக்கும், அடுப்போரம் காய்ந்திருக்கும்.

ஜனவரி 28

பனி நின்றிருந்தது. நடக்கக்கூடியவற்றை ஓட்டிக்கொண்டு, குட்டிகளைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே இறங்கினோம்.

"நான்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்னு சொல்லிடுங்க அண்ணி," என்றான் வழியில். "அவனுங்க ரெண்டு பேரும்தான் போயிட்டானுங்களே. யாருக்கு என்ன நஷ்டம்?"

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு நடந்தேன். உங்களிடம் மறைப்பானேன். அதைச் சொல்வதென்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

ஏரிக்கரையில் கூட்டம் நின்றது. வாளிக்காரன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கையைக் கட்டியிருந்தார்கள். உதடு கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. இருமல்கூட வரவில்லை.

எங்களைப் பார்த்ததும் கூட்டம் சத்தம் போட்டது. கசிமீரோ தன் அல்பாக்காக்களை அடையாளம் கண்டு ஒற்றைக் கையைத் தூக்கினார். பெனிக்னா ஓடி வந்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"செம்மண் ஓடையில."

"வில்பெர் கண்டுபிடிச்சானா? நல்ல பையன்!" அவன் தோளைத் தட்டினாள். பிறகு ஏரியைக் காட்டினாள். "இவன்தான் அங்க அடைச்சு வச்சவன். வாயே திறக்க மாட்டேங்கிறான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வில்பெர் என்னைப் பார்த்தான். நான் தண்ணீரில் நின்றவனைப் பார்த்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை; வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அந்த ஆளை வெளிய எடுங்க," என்றேன். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டிட்டுப் போனது வில்பெர். எனக்கு முதல் நாளே தெரியும். சத்தியத்துல பொய் சொன்னேன்."

யாரோ என் முகத்தில் துப்பினார்கள். பெனிக்னா கையைக் காட்டி நிறுத்தினாள். வாளிக்காரனைத் தூக்கி வந்து கம்பளிகளைச் சுற்றி நெருப்போரம் படுக்கவைத்தார்கள். வில்பெர் ஓடவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, கூட்டாளிகள் பெயரையும் ஊரையும் அவனே சொன்னான்.

நான் மிச்சத்தையும் சொன்னேன். காப்பி நிறத்தவை எங்களுடையவை அல்ல, முதல் முடிக்கு அவன் அம்மா கொடுத்த பெட்டையின் வழி, இத்தனை வருடம் நாங்கள் வைத்துக்கொண்டோம், இன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவனுக்கே விட்டுவிடுகிறேன் என்று. பவுஸ்தீனோ, உங்களைக் கேட்காமல் சொன்னேன்.

"அப்ப உன் வீட்டுல திருட்டே போகலன்னு சொல்றியா?" என்றாள் பெனிக்னா.

"என் வீட்டுல போகல. கசிமீரோ கை போச்சு. குட்டிங்க போச்சு. இந்த ஆள் உயிர் போகப் பார்த்துச்சு. அதுக்குக் கேளுங்க."

கூடிப் பேசினார்கள். பொய்ச் சத்தியத்துக்கு எனக்கு ஒரு சாட்டையடி. பெனிக்னாவே அடித்தாள். தயவு பார்க்கவில்லை. வில்பெருக்கு மூன்று அடி. கசிமீரோவின் கை கூடும்வரை அவர் மந்தையை அவன் மேய்க்கவேண்டும். வாளிக்காரன் எழுந்து நடக்கும்வரை வில்பெர் தன் செலவில் பார்த்துக்கொள்ளவேண்டும். அடிபட்டவர்தான் சாட்டை பிடிப்பது வழக்கம். கசிமீரோவிடம் நீட்டினார்கள்.

"எனக்குக் கை தூக்க வராது," என்றார். "எனக்குப் பதிலா எர்மெலிந்தா அடிக்கட்டும்."

என் கை எழாது என்று நினைத்தேன். கடமைக்கு மெல்லத் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு குனிந்தான். முதுகு ஓடைச் சேற்றோடு இருந்தது. பாறை மேல் வரிசையாக வைத்த குட்டிகள் நினைவுக்கு வந்தன. கை எழுந்தது. மூன்றும் முழு பலத்தோடு விழுந்தன. மூன்றாவதில் ரத்தம் வந்தது. அவன் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் சத்தம் வந்துவிட்டது.

பிப்ரவரி 15

வெயில். மூன்று ஈற்று, மூன்றும் நலம். வாளிக்காரன் பிழைத்துக்கொண்டான். நேற்று அவன் மனைவி வந்து அழைத்துப் போனாள். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

எதிர்ச் சரிவில் வில்பெர் கசிமீரோவின் மந்தையோடும் தன் காப்பி நிறப் பெட்டைகளோடும் தெரிகிறான். இங்கே வருவதில்லை.

மார்ச் 8

பவுஸ்தீனோ நேற்று வந்தார். கிராமத்திலேயே எல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"நான் இல்லாதப்ப பங்கு பிரிச்சுக் குடுக்க நீ யாரு?"

"நீங்க இல்லாதப்ப மேய்க்கிறது யாரு?"

எழுதியதையெல்லாம் படிக்கக் கொடுத்தேன். வாசலில் உட்கார்ந்து படித்தார். சில பக்கங்களை இரண்டு முறை திருப்பினார்.

இன்று காலை யாரிடமும் சொல்லாமல் எதிர்ச் சரிவுக்குப் போனார். நான் மந்தையோடு இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. அடித்துக்கொள்வார்களோ என்று கவணைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன், அவ்வளவு தூரத்திலிருந்து கவண் என்ன செய்யும். பிறகு மேகம் இறங்கி மறைத்துவிட்டது.

மாலையில் தனியாக வந்தார், காப்பி நிறத்தவை ஒன்றைக்கூட ஓட்டி வராமல். சூப் வைத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"அவன் முதுகுல இருக்கிற தழும்பு உன் கையால வந்ததா?"

"ஆமா."

"ஆழமா இருக்கு."

"ஆமா."

கிண்ணத்தை நீட்டினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். என் முதுகைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவேன்.